பெரியவனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பாவும் நானும் நலம். அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. அதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து உன் பள்ளியில் நீ நடத்தும் ரோபோ குழுவை வேறு யாரிடமோ ஒப்படைக்கப் போவதாகச் சின்னவள் சொன்னாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். வேலை அதிகமாக இருக்கும். இரவில் நேரத்தோடு தூங்கு.

மதிப்பெண்ணுக்கு உதவாத வேலை என்று உங்கள் ஆசிரியர் அறையில் பேசுகிறார்களாம். பேசட்டும். நானும் இயற்பியல் ஆய்வகத்தில் பிள்ளைகளோடு காலம் தள்ளியவள்தான். ஓம் விதிச் சோதனையில் விடை முன்பே தெரியும். அதனால் பாதிப் பேர் மீட்டரைப் பார்க்காமல், வரவேண்டிய விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை நிரப்பிவிடுவார்கள். உன் பிள்ளைகளிடம் அந்த வித்தை பலிக்காது. அவர்கள் எழுதியதைச் செய்து பார்க்கிறவர்கள் வேறொரு நாட்டில் இருக்கிறார்கள். வண்டி ஓடினால் ஓடியது என்பார்கள், இல்லையென்றால் இல்லை என்பார்கள்.

தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுமே, அந்த வண்டியை நினைத்துப் பார். உங்கள் வகுப்பறையில் பிசகாமல் ஓடியது. அதே நிரலை அங்கே ஏற்றியதும் முதல் வளைவிலேயே கோட்டை விட்டு வெளியே போயிற்று. அவர்கள் வண்டியைச் சரியாகப் பூட்டவில்லை என்று உன் பிள்ளைகளும், நிரலே தப்பு என்று அவர்களும் வாதாடினார்கள். சென்சார் காட்டிய எண்களை இரு பக்கமும் வரிசையாக எழுதி அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. உண்மையிலேயே வெளிச்சம்தான் காரணம்! உங்களுடையது ஜன்னல் ஓரத்து மேசை. பகல் வெளிச்சத்தில் அகச்சிவப்புக் கதிர் கலந்திருக்கும்; சென்சார் அளப்பதும் அந்தக் கதிரைத்தான். அவர்களுடையது விளக்கு மட்டும் எரியும் அறை. வண்டியை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, சென்சார் அளவை 0 முதல் 1023 வரை காட்டுகிறது. அதில் 500-க்கு மேல் போனால் கறுப்பு என்று உன் பிள்ளைகள் எழுதிவைத்த எல்லை அங்கே செல்லுபடியாகவில்லை. பிறகு, புறப்படும் முன் வண்டியே கறுப்பையும் வெள்ளையையும் ஒருமுறை பார்த்து எல்லையைத் தானே கணக்கிடும்படி மாற்றி எழுதினார்கள். வண்டி அந்த ஒரு மேசையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அந்த 500 யார் கண்ணிலும் பட்டிருக்காது. நீ இதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த உற்சாகத்தை அப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது ஃபோனில் அந்தக் குரல் இல்லை. சளியாக இருக்கலாம்.

திருகாணி கதையும் அப்படித்தான். இவர்கள் மில்லிமீட்டரில் துளை போட, அவர்களிடம் இருந்தது அங்குலக் கணக்குத் திருகு. பிள்ளைகளைத் திட்டாதே. 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்ததற்கும், ஒரு குழு விசையைப் பவுண்டிலும் இன்னொன்று நியூட்டனிலும் கணக்குப் போட்டதுதான் காரணம். அளவோடு அலகையும் எழுது என்று நான் ஆயுள் முழுக்கக் கத்தினேன். உன் பிள்ளைகள் ஒரு திருகு நுழையாததிலேயே கற்றுக்கொண்டார்கள்.

அப்பாவுக்குப் போட்டிக்காகப் போகும் வெளிநாட்டுப் பயணம்தான் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அதில் அவ்வளவு மோகம் இல்லை. விமானம் ஏறப்போவது நாலைந்து பிள்ளைகள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோகப் ஜூனியர் போட்டியில் 'சூப்பர் டீம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்தது. போட்டி நடக்கும் இடத்திலேயே வெவ்வேறு நாட்டு அணிகளைச் சேர்த்துப் புதிதாக ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவனின் ரோபோவும் நம்முடையதும் சேர்ந்து இயங்கியாக வேண்டும். 2017-இல் வாஷிங்டனில் தொடங்கிய ஃபர்ஸ்ட் குளோபல் ரோபோ போட்டியிலும் நாட்டுக்கு ஓர் அணி. ஒரு சுற்றில் கூட்டாளியாக இருந்தவர்கள் அடுத்த சுற்றில் எதிரணியில் நிற்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் யாரிடமும் வன்மம் வளர்க்க முடியாது.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். நீ அனுப்பிய வீடியோவில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் பையனே எல்லாவற்றையும் பேசுகிறான். மின்சுற்றுப் படம் வரைந்தாளே, அந்தப் பெண் பின்னால் நிற்கிறாள். அவள் படத்தில் மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்ட் கம்பி எங்கே சேர்கிறது என்பதுவரை வண்ணம் மாற்றிக் காட்டியிருந்தாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இணைத்துவிட்டார்கள். யாராவது அதை அவளிடம் சொன்னீர்களா? முறை வைத்து எல்லோரையும் பேச விடு.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் நேரில் பேச வேண்டியதில்லை. அவர்களுக்குப் பகலாக இருக்கும்போது உனக்கு நடுராத்திரி. செய்ததைப் பிள்ளைகளே எழுதி, படம் எடுத்து அனுப்பட்டும். காலையில் பதில் வந்திருக்கும். எழுதினால்தான் யோசனையும் தெளியும். நீ ஒருவனே விழித்திருந்து ஈடுகட்டாதே. தூங்கு என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

குழுவை விட்டே ஆக வேண்டுமென்றால் விடு. உன் உடம்பைவிட எனக்கு எந்த ரோபோவும் பெரிதில்லை. ஆனால் ஆசிரியர் அறைப் பேச்சுக்காக விடாதே. வேறு காரணம் இருந்தால் சின்னவளிடம் சொல்லி அனுப்பாமல் நீயே பேசு. எந்த நேரமானாலும் எடுப்பேன். அந்த வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்துக்கு யார் பதில் போடப் போகிறார்கள்? அதையாவது இந்த வாரம் முடிவு செய்.

அத்தை வீட்டு விஷயம் அடுத்த கடிதத்தில்.

அம்மா