மேட்டில் ஒரு மேடு

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி இல்லை, திட்டு. முடிந்ததா? சரி. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலையா?

எழுத வந்தது செப்டிக் டேங்க் சமாசாரம். சிரிக்காதே. அமெரிக்காவில், மேடிசன் நகருக்கு மேற்கே, சரிவில் மூன்று படுக்கையறை வீடு வாங்கியிருக்கிறேன். சாக்கடை இணைப்பு கிடையாது. இரண்டடி தோண்டினாலே மண்ணில் துருப்புள்ளி. பனி உருகும் மாதங்களில் தண்ணீர் அதுவரை ஏறும். கழிவுநீரோ ஈரம் ஊறாத மண்ணில் மூன்றடி இறங்கியாக வேண்டும். அதனால் தரைக்கு மேல் ஓரடி மணல் கொட்டி, மேடு கட்டி, பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் 1970களில் இந்த மேட்டு முறையைச் செப்பனிட்டார்களாம்.

ஒரு நாளைக்கு 450 கேலன் கழிவுநீர், மணலில் சதுர அடிக்கு ஒரு கேலன். ஆக 450 சதுர அடி. 15 அடிக்கு 30 அடி என்று மூலையில் அடக்கமாக வரைந்து கொடுத்தேன். மண் பார்க்க வந்த பெரியவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். நாலரை அடி அகலம், நூறடி நீளம், காண்டூரை, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் ஓடும் கோட்டை, ஒட்டியே போ என்றார். பரப்பு ஒன்றுதானே என்று மல்லுக்கு நின்றேன். மணலைத் தாண்டிய தண்ணீர் கீழே போக வழியில்லாமல் சரிவோடு பக்கவாட்டில்தான் நகருமாம். என் படத்தில் ஓரடி நீளத்துக்கு 15 கேலன், அவர் படத்தில் நாலரை. பதினைந்து வந்தால் மேட்டின் கீழ்விளிம்பில் ஊற்றெடுக்கும். மணல் படுக்கை வேறு மட்டமாக இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று சரிவில் என் படத்துக்குக் கீழ்ப்பக்கம் இரண்டரை அடி மணல் கொட்ட வேண்டும், அவருடையதற்கு ஒன்றரைகூட வேண்டாம். ஹைட்ராலிக்ஸ் பரீட்சையில் உன்னைப் பார்த்து எழுதியவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

விளையாட்டு போதும். போன வாரம் மழை விட்ட மறுநாளே வேலைக்காரர் ஒருவர் டிராக்டரை மேடு வரப்போகும் இடத்துக்குக் கீழ்ப்பக்கம் முழுக்க ஓட்டிவிட்டார். நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பரவ வேண்டிய மண்ணே அதுதான். சக்கரத் தடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. ஒரு பிடி எடுத்து உருட்டினால் திரி மாதிரி வருகிறது. இந்த ஈரத்தில் உழவும் கூடாது. இடம் மாற்றலாமென்றால், மிச்சமிருப்பது கிணற்றுப் பக்கம்தான்.

பெரியவர் சனிக்கிழமை வருகிறார். அதற்குள், மிதித்து இறுகிய வண்டலை உங்கள் அப்பா எப்படி இளக்குவார் என்று கேட்டு எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்