கிரையோ சிகிச்சையை மலையில் விளக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆரம்பநிலை மார்பகப் புற்றுக்கட்டியை வெட்டி எடுக்காமல் உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையைப் பற்றி எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஹட்டிகள் எனும் படுகர் ஊர்களிலும் பேசினோம். அதற்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி.

முதல் நன்றி தேயிலை பறிக்கும் அக்காமார்களுக்கு. "உறைபனியில கருகின செடி மறுபடி துளிர்க்குதே, கட்டியும் துளிர்க்காதா?" என்று கேட்டார்களே, மருத்துவர்கள் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான். ஸ்கேனில் தெரியும் பனி உருண்டையின் ஓரத்தில் சுமார் 0 டிகிரிதான் இருக்கும்; அங்கே புற்றுசெல் பிழைத்துக்கொள்ளும். நிச்சயமாகச் சாக மைனஸ் 40 வரை குளிர வேண்டும். அதனால் கட்டியைத் தாண்டிச் சுற்றிலும் ஏறக்குறைய 1 செ.மீ. உறையவைத்து, உருகவிட்டு, திரும்பவும் உறையவைக்கிறார்கள். கட்டி தோலை ஒட்டியிருந்தால் தோலும் குளிரில் கருகிப்போகும்; இடையில் சலைன் எனும் உப்புநீரைச் செலுத்தித் தோலை விலக்கிவைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போதும். இவ்வளவையும் படுகர் மொழியில் எடுத்துச்சொன்ன அம்மாக்களுக்குத் தனி நன்றி.

யாருக்கு இது பொருந்தாது என்பதை முதலில் சொல்லச் சொன்ன ஸ்கேன் மருத்துவருக்கு நன்றி. இந்தச் சிகிச்சையைச் சோதித்த அமெரிக்காவின் ஐஸ்3 ஆய்வில் சேர்ந்த 194 பேரும் 60 வயது நிறைந்தவர்கள், கட்டி 1.5 செ.மீ.க்குள், கட்டியில் ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உண்டு, ஹெர்2 (புற்றை வேகமாக வளரவைக்கும் புரதம்) மிகுதியாக இல்லை. 5 ஆண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது 4.3 சதவீதம். இளவயதினருக்கும் பெரிய கட்டிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஸ்கேனில் எல்லை சரியாகத் தெரியாத லோபுலர் (பால் சுரப்பி மடலில் தொடங்கும்) வகைக்கும் வேண்டாம்.

பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கையை வரிவரியாக விளக்கிய ஆய்வகத்தாருக்கும் கடன்பட்டிருக்கிறோம். கிரையோவில் கட்டி வெளியே வராது, பிறகு சோதிக்க எதுவும் இருக்காது. ஆகவே மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. போதாது; தடித்த ஊசியால் திசுத் துண்டை எடுக்கும் கோர் பயாப்சியில் ஈ.ஆர்., பி.ஆர். எனும் இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 ஆகிய மூன்றும் முன்பே தெரிந்தாக வேண்டும்.

ஜீப் ஓட்டிய தம்பிகளுக்கும், கூட்டம் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட காப்பக ஆயாக்களுக்கும் நன்றி. இன்னும் ஓர் உதவி வேண்டும்: சிகிச்சைக்குப் பிறகு அந்த இடம் பல மாதம் கையில் தட்டுப்படும், அது பெரும்பாலும் செத்த திசு. பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தாமல், பழைய படங்களோடு மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரேக்கு)ப் போகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செவிலியர் குழு, நீலகிரி