தையல் இயந்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். 1990ஆம் ஆண்டு, எனது ஒன்பதாவது வயதில், இலங்கையின் மன்னார்த் தீவில் உள்ள பேசாலையிலிருந்து அகதிகளாகப் படகேறி இராமேசுவரத்தில் கரையிறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கிய பின்னர், சேரன்மகாதேவிப் பக்கம் உள்ள ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்ட குடும்பத்தில் ஒருத்தி நான். இப்போது முகாமுக்கு வெளியே வாழ்வதற்கான வெளிப்பதிவு பெற்றுப் பாளையங்கோட்டையில் ஆடை வடிவமைப்பாளராகத் தொழில் செய்கிறேன். என்னுடன் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் நால்வர் முகாம்களிலிருந்து வருகிறவர்கள். நெல்லைச் சீமையின் முகாம்களில் வளரும் பிள்ளைகளுக்காக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். தையல் இயந்திரத்தையும் சில மாதத் தையல் பயிற்சியையும் கொடுத்ததோடு நிறுத்திவிடாமல், அளவெடுத்து, காகிதத்தில் வரைந்து, ஓர் ஆடையைத் தொடக்கத்திலிருந்து உருவாக்கும் கல்வியை, அரசு முத்திரையுள்ள சான்றிதழோடு அவர்களுக்குக் கொடுங்கள்.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்ல என் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் அம்மா பேசாலையில் தையற்காரி. ஊரைவிட்டுப் புறப்பட்ட இரவில், ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பி, தம் தையல் இயந்திரத்தை வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாதென்று அடிநூல் உருளையை வைக்கும் சிறு கூடான அதன் பாபின் கேஸைக் கழற்றி, நகைகளோடு சேர்த்து மடியில் முடிந்துகொண்டார். நகைகள் படகுக் கூலிக்கும் முதல் வருடத்துச் செலவுகளுக்கும் போய்விட்டன. பாபின் கேஸ் மட்டும் மிஞ்சியது. நான்கு ஆண்டுகள் கழித்து, எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுவாக ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த பழைய இயந்திரத்தில் பாபின் கேஸ் இல்லாதிருந்தபோது, அம்மா தம்முடையதை எடுத்து மாட்டினார், பொருந்தியது. அந்த இயந்திரத்தில்தான் நான் தைக்கக் கற்றுக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அம்பாசமுத்திரத்தில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். ஹெம்மிங் அடிப்பது, ஊக்கு வைப்பது, பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது ஆகியவைதான் என் வேலை. ஒரு காஜாவுக்கு இத்தனை காசு என்ற கணக்கில் மாலையில் கூலி கிடைக்கும். எங்கள் பேசாலைப் பேச்சில் 'சட்டை' என்றால் பெண்பிள்ளைகள் போடும் கவுன். ஆண்கள் போடுவதை நாங்கள் 'சேர்ட்' என்போம். முதல் வாரத்தில் கடைக்கார அண்ணாச்சி 'அந்தச் சட்டையை எடுத்து வை' என்று சொன்னதற்கு நான் ஒரு சிறுமியின் கவுனை எடுத்து நீட்ட, கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. எந்த ஊர், யார் பிள்ளை என்று விசாரித்தவர், அன்றிலிருந்து கடை பூட்டும் முன் அரை மணி நேரம் எனக்கு வரைவு, அதாவது ஆடையின் பாகங்களை அளவுப்படி காகிதத்தில் வரைவது, சொல்லிக்கொடுத்தார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம்தான் என் சிலேட்டு. 'துணிய வெட்டுனா வெட்டுனதுதாம்ளா. காயிதத்துல எத்தன தடவ வேணாலும் தப்புப் பண்ணிக்கோ' என்பார்.

அந்த அரை மணி நேரங்கள் என் வாழ்க்கையை எப்படி மாற்றின என்பதை, தைத்துப் பழகாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல விரும்புகிறேன். மார்பளவு முப்பத்தாறு அங்குலம் என்றால் அதை நான்காக வகுத்து ஒன்பது என்று குறிப்பது வரையில் யாருக்கும் வரும். அந்த ஒன்பதோடு எவ்வளவு லூஸ் விடுவது, உள்தையலுக்கு எவ்வளவு, உடம்பின் வளைவுக்கேற்பத் துணியை மடித்து டாட் பிடிப்பதற்கு எவ்வளவு, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கை பொருத்தும் ஆர்ம்ஹோல் வளைவு ஏன் வேறுபடுகிறது, நேர் இழையில் வெட்டினால் விறைப்பாக நிற்கும் துணி கோணலில் வெட்டினால் ஏன் குழைந்து விழுகிறது என்பவையெல்லாம் புரிந்த பிறகுதான், எதிரில் நிற்கும் ஓர் உடம்பைத் தட்டையான காகிதத்தில் பார்க்கும் கண் வருகிறது. தைப்பது கைப்பழக்கம், அதை ஆறு மாதத்தில் பெற்றுவிடலாம். வரைவது கணக்கும் கண்ணும் கலந்த படிப்பு. தைக்க மட்டும் தெரிந்தவர் பிறர் வெட்டிக் கொடுத்ததைத் தைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போவார். வரையத் தெரிந்தவர்தான் ஆடைக்கு விலை சொல்லும் இடத்தில் இருப்பார்.

அண்ணாச்சியின் தூண்டுதலால் அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் கீழ்நிலை எழுதித் தேறினேன். அடுத்து ஆடை வடிவமைப்பில் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் என் வரைவுகளைப் பார்த்துவிட்டு இடம் உண்டு என்று சொன்ன அந்தக் கல்வி நிறுவனம், சேர்க்கை நாளன்று என் முகாம் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடவுச்சீட்டு இருந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் சேர்க்கலாம், அது இல்லையென்றால் வழியில்லை என்று சொல்லி அனுப்பியது. என்னிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அந்தக் கட்டணத்தை எங்களால் கனவிலும் கட்டியிருக்க முடியாது. அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. நான் வீடு திரும்பியபோது அவர் வேறு யாருக்கோ ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார், அதை முடித்த பிறகே எழுந்தார்.

பிறகு சென்னையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில், மாதிரி ஆடைகளைத் தைக்கும் சாம்பிள் டெய்லராகச் சேர்ந்தேன். மாதந்தோறும் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் இருக்க வேண்டும் என்பதால், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இரவுப் பேருந்தில் வந்து, காலையில் வரிசையில் நின்று கையெழுத்திட்டு, அன்றிரவே மறுபடி பேருந்து ஏறுவேன். அந்த இரண்டு நாள் சம்பளம் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும். சாம்பிள் அறையில் இருந்த, வரைவுகளைத் தயாரிக்கும் பேட்டர்ன் மாஸ்டர், அளவுகளைச் சிறியது முதல் மிகப் பெரியது வரை ஏற்றி இறக்கும் கிரேடிங் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். பதினோரு ஆண்டுகளில் டெய்லரிலிருந்து பேட்டர்ன் மேசைக்கும், அங்கிருந்து வடிவமைப்புப் பிரிவுக்கும் வந்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது; இம்மடலுக்கு அது தேவையில்லை.

ஊர் திரும்பியது வீரவநல்லூருக்காக. சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குத் தினமும் பேருந்தில் போன காலத்திலேயே, வழியில் வீரவநல்லூர்த் தெருக்களில் கேட்ட தறிச்சத்தம் என் காதில் இருந்தது. அங்கே நெய்யப்படும் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள். அதை நெய்கிற சௌராஷ்டிர மக்கள், பல தலைமுறைகளுக்கு முன்னால் வேறொரு நிலத்திலிருந்து புறப்பட்டு வந்து, வீட்டில் வேறொரு மொழி பேசிக்கொண்டே இந்தத் தாமிரபரணிக் கரையைத் தம் ஊராக்கிக்கொண்டவர்கள். ஒரு நெசவாளர் வீட்டில் முதன்முதலாக உட்கார்ந்து பேசியபோது, நான் எங்கிருந்து வந்தவள் என்பதை விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

செடிபுட்டாத் துணியைக் குர்தாவாகவும் மேல்சட்டையாகவும் வெட்டிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு புட்டாவும், அதாவது துணியில் தெரியும் ஒவ்வொரு பூவும், நெசவாளர் தனி இழையைக் கையால் கோத்து எழுப்புவது. சேலைக்கென்று நெய்த துணியை ஆடையாக வெட்டும்போது, ஆர்ம்ஹோல் வளைவிலும் கழுத்திலும் அந்தப் பூக்கள் பாதியாக அறுபட்டு, வெட்டுத்துணியாகக் குப்பைக்குப் போகின்றன. அதாவது ஒருவருடைய பல மணி நேர உழைப்பு கீழே விழுகிறது. அதனால் நான் முதலில் பேட்டர்னை வரைந்து, அதைத் தறியின் அகலத்தில் பரப்பி, எந்த இடத்தில் பூ வர வேண்டும், எந்த இடம் வெட்டுப்படும், எங்கே வெறும் துணி போதும் என்று குறித்த காகிதத்தை நெசவாளரிடம் கொடுக்கிறேன். அவருக்கு வேலை குறைகிறது, கூலி குறைவதில்லை. பக்கத் தையலில் இரண்டு பாதிப் பூக்கள் சேர்ந்து முழுப் பூவாக நிற்கின்றன. வரைவு தெரிந்தவர்கள் முகாமில் நூறு பேர் இருந்தால், பக்கத்து ஊரில் தறியும் இருந்தால், இந்த வட்டாரத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்று நான் எண்ணிப் பார்க்காத நாளில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிய எண்ணமும் அல்ல. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லை மொழியறிஞராக எல்லோரும் அறிவார்கள். அவருடைய மனைவி எலைசா, நாகர்கோவிலில் தம் தாயார் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னும் கலையைக் கற்றவர். அதை அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரின் ஏழைப் பெண்களுக்குக் கற்பித்தார். கையில் நூலும் ஊசியும் கொடுப்பதோடு அவர் நின்றிருந்தால், அது கிழிசல் தைக்கும் வேலையாகவே முடிந்திருக்கும். வடிவத்தைப் படித்துப் பின்னக் கற்றுக்கொடுத்ததால், அந்தப் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு வருமானம் வந்தது. பத்தமடையிலும் அப்படியே. ஆற்றங்கரைக் கோரை எல்லோருக்கும் கிடைப்பதுதான். அதை இழை இழையாகக் கிழித்து, நீரில் ஊறப்போட்டு, பட்டுப் போல மடிக்கக்கூடிய பாயாக்கும் நுட்பத்துக்குத்தான் பெயரும் விலையும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியபோதும், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்தபோதும் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. தையல் இயந்திரம் கொடுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் நன்றியுடையவள் நான். ஆனால் ஒரே முகாமில் இருபது பெண்களுக்கு இருபது இயந்திரங்கள் கொடுத்தால், இருபது பேரும் அதே ரவிக்கையைத் தைத்து, ஒருவருக்கொருவர் கூலியைக் குறைத்துக்கொள்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு இயந்திரம் மூலையில் துணிமூடிக் கிடக்கிறது, அல்லது விற்கப்படுகிறது. குற்றம் அந்தப் பெண்களுடையதல்ல. அவர்களுக்குப் பாதிக் கல்விதான் கிடைத்தது.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். முகாம்களில் நடக்கும் தையல் பயிற்சியில் வரைவையும் வெட்டையும் கட்டாயப் பாடமாக்குங்கள். கீழ்நிலைத் தேர்வோடு விடாமல் மேல்நிலைத் தேர்வு வரையிலும் எழுத வையுங்கள். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள ஆடை தயாரிப்பு, ஆடை வடிவமைப்புப் பிரிவுகளில் முகாம் பிள்ளைகள் சேரும்போது, முகாம் அடையாள அட்டையே போதுமான ஆவணம் என்று தெளிவான சுற்றறிக்கை ஒன்றை அனுப்புங்கள். பிற கல்வி நிறுவனங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் பெயரில் அதை எழுதுங்கள். சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு எங்கள் அட்டை என்னவென்று தெரியாததாலேயே பல பிள்ளைகளின் படிப்பு அந்த மேசையில் முடிந்துபோகிறது. அந்த ஒரு காகிதம் அன்று என்னிடம் இருந்திருந்தால், சாம்பிள் அறையில் பதினோரு ஆண்டுகளில் கற்றதை மூன்று ஆண்டுகளில் படித்திருப்பேன். படிப்பை முடிப்பவர்களை ஆறு மாதமாவது வீரவநல்லூர் போன்ற கைத்தறி ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களில் பயிற்சி பெறுபவர்களாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தறியைப் பார்க்காத வடிவமைப்பாளர் துணியை வீணாக்குவார். குடியுரிமை என்பது உங்கள் கையில் இல்லை என்பதை நான் அறிவேன்; அதை உங்களிடம் கேட்கவில்லை. இவை அனைத்தும் உங்கள் கையொப்பத்தில் நடக்கக்கூடியவை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு இரு நாட்களும் எந்த முகாமுக்கும் வந்து ஊதியமின்றி வரைவு கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறேன். பழுப்புக் காகிதச் சுருள், அளவு நாடா, பிரெஞ்சு வளைவுக் கோல், கத்தரி எல்லாம் முப்பது பேருக்குப் போதுமான அளவு என் பட்டறையில் இருக்கின்றன. எனக்கு வேண்டியவை முகாமுக்குள் வந்து போக அனுமதியும், நின்றுகொண்டு வரையத் தோதான நான்கு நீள மேசைகளும், மழைக்கு ஒழுகாத ஓர் அறையும்தான். அனுமதிக் கடிதம் கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பைத் தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பேசாலையில் பிறந்து தாமிரபரணிக் கரையில் வளர்ந்த ஓர் ஆடை வடிவமைப்பாளர்,
பாளையங்கோட்டை