செங்கல் மதிலில் வெளிறின குலை

விசுவமடு
பங்குனி 9

அன்பு மகள் சுபாவுக்கு,

அப்பா எழுதுறன். இங்கை எல்லாரும் சுகம். உளுந்து பிடுங்கியாச்சு, விலைதான் இல்லை.

நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தனான். கறுத்தத் திராட்சைக் கொடியில் ஒரு கிளையில் மட்டும் நாலு குலை சாம்பல் கலந்த ரோசாவாய் நிக்குது. "நோயோ அப்பா, வெட்டட்டோ?" எண்டு ஒரு வரி கேட்டாய். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெட்டாதே. மிச்சத்தைப் பிறகு வாசிச்சாலும் பரவாயில்லை, வெட்டாதே.

முதல் பழத்தை விரலால் அமத்திப் பார். பழுக்கிறது வேற, நிறம் ஏறுறது வேற. வெள்ளைத் திராட்சையும் பழுக்கத் தொடங்க மெதுப்படும், இனிப்பேறும். வெளிறின பழம் இறுக்கமாய், புளிப்பாய் இருந்தால் அது பழுக்கேல்லை, அவ்வளவுதான். குலை கூடியிருக்கும், இல்லாட்டி இலை மூடியிருக்கும், இல்லாட்டி ஆரோ யூரியாவை அள்ளிப் போட்டிருக்கினம். குலைக்குள்ளை அங்கொண்டு இங்கொண்டாய்ச் சின்னப் பச்சைமணி இருந்தால் அது கருக்கட்டாதது. உங்கட மஸ்கட் ஹம்பேர்க்கில் (கம்பத்துப் பன்னீர் திராட்சை எண்டு சந்தையில் விக்கிறதும் இதுதான்) அது சாதாரணம்.

கறுத்தப் பழத்தளவு மெதுவாயும் இனிப்பாயும் இருந்தும் நிறம் இல்லையெண்டால்தான் யோசிக்க வேணும். வெக்கையும் செய்யும். பழம் 35 பாகையில் நிண்டால், 25 பாகையில் சேருற அந்தோசயனின் எண்ட நிறப்பொருளில் பாதிகூடத் தோலில் தங்காது. இரவு வெக்கையும் கெடுதல்தான். எங்கட பக்கத்து இஸ்ரேல் புளூ திராட்சையில் சில குலை மங்கலாய் வாறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வெக்கை ஒரு கிளையைத் தெரிஞ்செடுத்துப் பிடிக்காது. இலைச்சுருள் வைரசெண்டால் இலை விளிம்பு கீழ்ப்பக்கம் சுருண்டு, நரம்பு பச்சையாய் நிக்க இடையில் சிவக்கும். உன்ர படத்தில் இலை சுத்தம்.

அடுத்தது, அந்தக் கிளையைக் கையால் பிடிச்சுக்கொண்டு அடிமரம் மட்டும் போ. பக்கத்துக் கொடி வந்து பின்னியிருக்கலாம். ஒட்டுக்கண்டெண்டால் ஒட்டுக்குக் கீழாலை வெடிச்ச கிளையாயும் இருக்கலாம். இதைப் பாராமல் பரம்பரை கதைக்கிறதில் பிரயோசனம் இல்லை.

இதிலை எனக்கு ஒரு சந்தேகம். போன வருசப் படங்களில் உங்கட மஸ்கட் தகரவேலியில் படர்ந்திருந்தது. இதில் பின்னாலை செங்கல் மதில். இது அந்தக் கொடிதானோ? கொடி எதுவெண்டு தெரியாமல் நிறத்தைப் பற்றி ஒண்டும் சொல்ல ஏலாது, அதுக்காகத்தான் கேக்கிறன்.

ஏனெண்டு சொல்லுறன். காட்டுத் திராட்சை கறுப்பு. வெள்ளை பிறகு வந்தது. திராட்சையின் 19 சோடி நிறமூர்த்தத்தில் இரண்டாவதில் எம்.வை.பி.ஏ.1, எம்.வை.பி.ஏ.2 எண்டு இரண்டு பரம்பரையலகு பக்கம்பக்கமாய் இருக்கு. நிறத்தை உண்டாக்கிறது இதுகள் இல்லை. அந்தோசயனிடினோடை சீனியைப் பிணைச்சு அந்தோசயனின் ஆக்கிற யூ.எஃப்.ஜி.டி எண்ட நொதியத்தை வேலை செய்ய விடுறது இதுகள். இரணைமடு மதகு பூட்டிக் கிடந்தால் வாய்க்கால் எவ்வளவு துப்புரவாய் இருந்தும் வயலுக்குத் தண்ணி வராதெல்லோ, அதுதான் கதை. வெள்ளைத் திராட்சையில் வாய்க்கால் முழுக்க நல்லாய்த்தான் இருக்கு. முதலாவதுக்கு முன்னாலை, அதைத் தொடக்கிற இடத்தில், பத்தாயிரம் டி.என்.ஏ எழுத்துக்கு மேல் நீளமான கிரெட்1 எண்ட, இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ துண்டு வந்து குந்தியிருக்கெண்டு 2004 இல் ஜப்பான்காரர் கண்டவை. இரண்டாவதும் பழுதெண்டு 2007 இல் அவுஸ்திரேலியாவில் காட்டினவை. இரண்டில் ஒண்டு சரியாய் இருந்தாலும் பழம் கறுக்கும்.

மஸ்கட் ஹம்பேர்க்கின்ர தாய் ஸ்கியாவா கிறோசா, கறுப்பு. தகப்பன் அலெக்சாந்திரியா மஸ்கட், வெள்ளை. ஆகவே ஹம்பேர்க்கில் தாய் தந்த பிரதி வேலை செய்யும், தகப்பன் தந்தது வெள்ளைப் பிரதி. வேலை செய்யிற அந்த ஒண்டு ஒரு மொட்டில் தொலைஞ்சால் அந்தக் கிளை வெளிறும். இரண்டு பிரதியும் கறுப்பான வகையில் ஒண்டு தொலைஞ்சாலும் வெளியில் தெரியவே தெரியாது. அதுதான் எந்தக் கொடி, ஆரின்ர கொடி எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறன். உயர்தரத்தில் உயிரியலுக்கு ஏ எடுத்த பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் உயிரியலுக்கு ஏ எடுத்த பிள்ளை ஒரு வரியில் கேட்டுப்போட்டுப் போனை நிப்பாட்டவும் கூடாது.

சாம்பல் ரோசா எண்டது நல்ல தடயம். முழு வெள்ளை இல்லை. மொட்டு நுனியில் கலங்கள் அடுக்காய் இருக்கும். வெளி அடுக்கு பழத்தின்ர மேற்றோலாகும். இரண்டாம் அடுக்கிலிருந்து அதுக்குக் கீழ் இருக்கிற தோல், மகரந்தம், விதைக்கரு எல்லாம் வரும். இரண்டாம் அடுக்கு மட்டும் நிறத்தை இழந்தால் மேலே ஒரு மெல்லிய படைதான் நிறம் நிக்கும். கறுத்த பீனோ நுவார் திராட்சையில் சாம்பல் ரோசா பீனோ கிறி வந்தது அப்பிடித்தான். தென் அவுஸ்திரேலியாவில் லாங்கோன் கிறீக்கில் கறுத்த கபர்னே சோவிக்னோனில் வெண்கலநிறக் கிளை ஒண்டு வந்து, அதுக்கு மாலியன் எண்டு பேர். மாலியனிலிருந்து முழு வெள்ளையாய் வந்தது ஷாலிஸ்டின். உனக்கும் சோதிக்கலாம்: தோலை உரிச்சு, உள்பக்கச் சதையைச் சுரண்டி, புதுச் சவர அலகால் குறுக்கை மெல்லிசாய் வெட்டி, உருப்பெருக்கியால் பார். நிறம் வெளி ஓரத்தில் மட்டும் நிண்டால் நான் சொன்னது சரி.

வாசம் மாறாது, பயப்படாதே. மஸ்கட் வாசத்துக்கு முக்கியமான பரம்பரையலகு ஐந்தாவது நிறமூர்த்தத்தில் இருக்கு.

விதை போடாதே. இரண்டாம் அடுக்கு நிறத்தை இழந்திருந்தால், அந்தப் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டி வாற கண்டு எல்லாம் வெள்ளைதான். கறுத்தக் கிளையின்ர விதையும் அப்பிடிக் கருக்கட்டினதெண்டால் நாலில் ஒண்டு வெள்ளையாய் வரும். காய்க்க மூண்டு வருசத்துக்கு மேலாகும், வாறதும் பழைய மஸ்கட் இல்லை, வேற பிள்ளை. தடிதான் வெட்ட வேணும்.

இப்பவே, குலை நிக்கேக்கையே, அந்தக் கிளையில் வெளிறின குலை வந்த கணுக்களுக்கு ரிபன் கட்டு. இலை உதிர்ந்தால் எல்லாத் தடியும் ஒண்டுதான், ஆராலும் பிரிச்சறிய ஏலாது. ஆடியில், அங்கத்தை அவுஸ்திரேலியக் குளிரில், பென்சில் மொத்தத்தில் 30 சென்ரிமீற்றர் தடி, மூண்டு நாலு கணு. அடிவெட்டு கணுவுக்குக் கீழ் மட்டமாய், நுனிவெட்டு சரிவாய், அப்பத்தான் தலைமாறி நடமாட்டாய். ஒண்டோடை நிக்காதே, ஆறேழு வெட்டு. அடுக்கு குழம்பி, சிலது திரும்பக் கறுக்கும், சிலது முழு வெள்ளையாய்ப் போகும். உடனை நடாட்டி, ஈரப் பேப்பரில் சுத்தி, பொலித்தீன் பையில் குளிர்சாதனப் பெட்டியின்ர கீழ்த்தட்டில் வை. உறைய விடாதே. நடேக்கை இரண்டு கணு மண்ணுக்குள்ளை. இலை வந்திட்டுதெண்டு இழுத்துப் பாராதே, வேர் பிந்தித்தான் வரும்.

வீடு மாறுறதெண்டாலும் கொடியைக் கிளப்பாதே. வளர்ந்த கொடியைக் கிளப்பினால் பாதி வேர் அங்கையே நிண்டுபோகும். தடி போதும், தடிக்குள்ளை முழுக் கொடியும் இருக்கு. ஆனால் விக்டோரியாவில் பிலொக்சரா எண்ட வேர்ப்பூச்சிக்காகத் திராட்சைத் தடியை இடத்துக்கிடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கு. நீ பகுதி மாறுறாயெண்டால் முதல் விசாரி.

மருமகனுக்கும் இதை வாசிக்கக் குடு. இல்லாட்டி நீயே செய், தடி வெட்ட இரண்டு பேர் தேவையில்லை. கடிதத்தைப் பழைய விலாசத்துக்குத்தான் போடுறன். வேற விலாசமெண்டால் அம்மாவுக்குச் சொல்லு, எனக்குச் சொல்லாட்டியும் பரவாயில்லை. பெரியம்மா கேட்டால் நீ வேலையாய் இருக்கிறாய் எண்டுதான் சொல்லிவைச்சிருக்கிறம்.

இங்கை ஒரு தடி வேணுமெண்டு எனக்கும் ஆசைதான். ஆனால் பெட்டிக்குள்ளை ஒளிச்சுக் கொண்டு வராதே. முன்கூட்டி அனுமதிப்பத்திரம் எடுத்து, கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத்தடுப்புக்காரரிட்டைக் காட்ட வேணும், அதுக்கு நாள் எடுக்கும். வாறதெண்டால் தடி இல்லாமலே வா. உன்ர அறைக்குள்ளை உளுந்து மூட்டை அடுக்கியிருக்கிறம், இரண்டு நாளைக்கு முதல் சொன்னால் எடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா