கரும்பு அரவைப் பருவத்தையும் ரிசர்வ் படைப் பணியையும் ஒரே நாட்காட்டியில் பொருத்தக் கோரும் மனு

பெறுநர்:
பாதுகாப்பு ரிசர்வ் படைத் தலைவர் அவர்கள்,
பாதுகாப்புத் துறை, பிரிட்டோரியா, தென்னாப்பிரிக்கா.

நகல்:
வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறை அமைச்சர் அவர்கள்.

அனுப்புநர்:
குவாசூலு-நட்டால், முபுமலங்கா மாகாணக் கரும்பாலைகளில் பருவ வேலை செய்துகொண்டே ரிசர்வ் படையிலும் பணியாற்றும் தமிழர்களும் அவர்கள் குடும்பத்தாரும்.

பொருள்: பருவத் தொழிலாளர்களாக இருக்கும் ரிசர்வ் படையினருக்குப் பணி அழைப்பு விடுக்கும் மாதங்கள், முன்னறிவிப்பு, முதலாளிக்கான கடிதம், உடல் தகுதிச் சோதனை ஆகியவற்றைச் சீர்செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மனு அளிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு எங்களுக்குத் தந்திருக்கிறது. மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு. ஆகவே எங்கள் வீடுகளில் எல்லோரும் படித்துக் கையெழுத்திடும்படி இதைத் தமிழில் எழுதியிருக்கிறோம். ஆங்கிலப் படி உடன் இணைக்கப்பட்டுள்ளது.

வெளித்தொழில் செய்துகொண்டே, அழைக்கும் நாட்களில் மட்டும் பணியாற்றும் ரிசர்வ் படையில் சேர்ந்தது எங்கள் விருப்பம். அதிலிருந்து விலகவோ அழைப்பைத் தட்டிக்கழிக்கவோ இந்த மனுவை எழுதவில்லை. ஒபரேஷன் கொரோனா என்ற எல்லைக் காவலுக்கு 22 துணைப் பிரிவுகள் தேவை என்றும், 15 மட்டுமே நிறுத்த முடிகிறது என்றும் பாதுகாப்புத் துறையே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை இருக்கும் படையில், வரத் தயாராக இருப்பவர்கள் தவறான மாதத்தில் அழைக்கப்பட்டு ஆலை வேலையை இழக்கிறார்கள். பிறகு படையையும் விட்டுப் போகிறார்கள். இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை.

முதலில் ஆலையின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறோம். அரவை பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடியும். அந்த ஒன்பது மாதமும் ஆலை இரவு பகலாக ஓடும். எரித்து வெட்டிய கரும்பைக் கிடப்பில் போட முடியாது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் சர்க்கரைச் சத்து குறையும், விவசாயிக்குக் கிடைக்கும் விலையும் அதோடு குறையும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கரும்பில் சத்து உச்சத்தில் இருக்கும். அப்போது ஆலையில் ஒரு ஆள் குறைந்தாலும் வலிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆலை நிற்கும். அதை நாங்கள் ஆஃப்-க்ராப் என்போம். பாய்லரைத் திறந்து சோதிப்பது, டர்பைனைப் பிரிப்பது, தேய்ந்த ரோலர்களுக்கு வெல்டிங் வைத்துப் பல் ஏற்றுவது எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும்.

இங்கேதான் பலரும், படைப் பிரிவு அலுவலகங்களும்கூட, ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். "ஆலைக்காரர்களா? அப்படியானால் ஜனவரியில் கூப்பிட்டால் போதும்" என்கிறார்கள். அது பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். பாகு காய்ச்சுபவர், ஆய்வகத்தில் மாதிரி எடுப்பவர், கரும்பு முற்றத்தில் கிரேன் ஓட்டுபவர், கரும்பு லாரி ஓட்டுநர் ஆகியோர் அரவைக்காரர்கள். இவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் நடுவரை கை ஓய்வாக இருக்கும். ஃபிட்டர், வெல்டர், பாய்லர் வேலைக்காரர் ஆகியோரில் பலர் ஆஃப்-க்ராப்புக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எடுக்கப்படுகிறவர்கள். அவர்களுக்கு அந்த மூன்று மாதச் சம்பளம்தான் ஆண்டின் பெரிய வருமானம். மே முதல் நவம்பர் வரை எப்போது அழைத்தாலும் வருவார்கள். ஒரே ஆலை வாசலில் நுழையும் இரண்டு பேருக்கு நாட்காட்டி நேர் எதிராக இருக்கிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: ஒவ்வொரு ரிசர்வ் படையினரின் கோப்பிலும் இரண்டு விவரங்களைச் சேர்க்க வேண்டும். ஒன்று, வெளித்தொழிலின் சரியான பெயர். "ஆலைத் தொழிலாளி" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை; "பாகு காய்ச்சுபவர்", "ஃபிட்டர்" என்று இருக்க வேண்டும். மற்றொன்று, அவர் எந்தெந்த மாதங்களில் தடையின்றி வர முடியும் என்பது. ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் இதைப் புதுப்பித்தால் போதும். அடுத்த பருவத்துக்கான ஆட்களைப் பற்றி ஆலைகள் அந்த நேரத்தில்தான் பேசத் தொடங்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு. அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ரிசர்வ் படையினருக்குப் பணி செய்த நாட்களுக்கு மட்டுமே சம்பளம் என்பதால், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கப்பட்ட ஆள்-நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அவை ஏப்ரல் முதல் டிசம்பருக்குள் செலவாகிவிட்டால், அரவைக்காரர்கள் ஓய்வாக இருக்கும் கடைசி மூன்று மாதங்களில் அழைக்க நாட்கள் இருக்காது. ஆளும் இருக்கிறார், நேரமும் இருக்கிறது, ஒதுக்கீடு மட்டும் தீர்ந்துவிடுகிறது. பருவத் தொழிலாளர்கள் உள்ள பிரிவுகளில், அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரு பங்கு ஆள்-நாட்களை ஜனவரி முதல் மார்ச் வரைக்கென்று ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

திட்டமிட்ட பயிற்சிக்கும் எல்லைப் பணிக்கும் 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நல்ல பாகு காய்ச்சுபவருக்கு மாற்று ஆளை மூன்று நாளில் தேட முடியாது. பான் என்னும் காய்ச்சும் கலத்தில் பாகு எந்தச் செறிவில் இருக்கும்போது படிக விதையை விடுவது, எவ்வளவு வேகமாக வற்ற விடுவது என்பது கைப்பழக்கத்தில் வருவது. பழகாதவர் நின்றால் வேண்டாத நுண்படிகங்கள் முளைக்கும், சல்லடையில் பாகு பிரியாது, மொத்தத்தையும் கரைத்துத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும். மேலாளர்கள் எங்களை அனுப்பத் தயங்குவதற்கு இதுதான் காரணம், அதில் அவர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை. இரண்டு மாதம் முன்பே தெரிந்தால் இன்னொருவரை எங்கள் பக்கத்தில் நிறுத்திப் பழக்கிவிட்டே வரலாம்.

அவசர அழைப்புகளின் நிலை வேறு. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, ஜூலை 15 விடியற்காலையில் ரிசர்வ் படையினர் எல்லோரும் பணிக்கு வர வேண்டும் என்று முந்தைய நாள்தான் உத்தரவு வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு 10,000 படையினர் வரை அறிவிக்கப்பட்டார்கள். ஒன்று அரவையின் நடுவில் வந்தது, மற்றொன்று அரவை தொடங்கும் வாரங்களில். இரண்டுமே எங்களில் பலர் வாழும் குவாசூலு-நட்டாலில் நடந்தவை. அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் 60 நாள் கேட்கமாட்டோம். நாங்கள் கேட்பது, ஆள் வந்து சேர்ந்த 7 நாளுக்குள் முதலாளிக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்பதுதான்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வேலையிழப்பு இதில்தான் தொடங்குகிறது. அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு, குடும்பப் பொறுப்பு விடுப்பு, பேறுகால விடுப்பு போன்றவற்றைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ரிசர்வ் பணிக்கென்று ஒரு விடுப்பு இல்லை. ஆண்டு விடுப்போ, 17 நாள் வேலைக்கு 1 நாள் என்ற கணக்கில், வாரம் 6 நாள் வீதம் 39 வாரம் உழைத்தவருக்கு 13 நாள்தான் வரும். தைப்பூசக் காவடிக்கும் புனித வெள்ளித் தீமிதிக்கும்கூட எடுக்காமல் சேர்த்து வைத்தாலும், இரண்டு வாரப் பயிற்சி முகாம் ஒன்றிலேயே அது தீர்ந்துவிடும். அதற்கு மேல் வராத ஒவ்வொரு நாளும் முதலாளியின் பதிவேட்டில் "காரணமின்றி வரவில்லை" என்று ஆகிறது.

பருவம் முடிந்ததும் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கான (யுஐஎஃப்) யுஐ-19 படிவத்தில் வேலை முடிந்த காரணத்தை முதலாளி குறிக்கிறார். "ஒப்பந்தம் முடிந்தது" என்று இருந்தால் யுஐஎஃப் வேலையின்மைத் தொகை கிடைக்கும். "ராஜினாமா" என்றோ "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்றோ இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மாதாமாதம் 1 சதவீதம் நாங்களும் 1 சதவீதம் முதலாளியும் கட்டிய பணம் ஒரே குறியீட்டால் கைக்கு எட்டாமல் போகிறது. நியாயமற்ற பணிநீக்கம் என்று சிசிஎம்ஏ என்னும் தொழிலாளர் தகராறு சமரச ஆணையத்துக்குப் போக வேண்டுமானால், நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். எல்லையில் மாதக்கணக்கில் நிற்கும் ஒருவருக்கு, தான் நீக்கப்பட்டதே அந்த 30 நாள் முடிந்த பிறகுதான் தெரியவரும். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம், ஆனால் அதற்குக் காரணத்தை நிரூபிக்கும் தாள் வேண்டும்.

ஆகவே கடிதம் பிரிவின் முத்திரைத் தாளில் இருக்க வேண்டும். பயண நாளையும் சேர்த்துப் பணி தொடங்கும் தேதி, முடியும் தேதி, பணிக்குப் பின் தரப்படும் விடுப்பு நாட்கள், ஃபோர்ஸ் எண் (படையினரின் அடையாள எண்), முதலாளி கூப்பிட்டுக் கேட்கக்கூடிய அலுவலரின் பதவியும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டும். பணி நீட்டிக்கப்பட்டால் பழைய தேதி முடிவதற்கு 30 நாள் முன்பே இரண்டாவது கடிதம் போக வேண்டும். நீட்டிப்பைப் படையினரே வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், மேலாளருக்கு அது சாக்குபோலத்தான் தெரியும். விடுவிப்புச் சான்றிதழை முகாமை விட்டுக் கிளம்பும் நாளன்றே கையில் கொடுக்க வேண்டும், தபாலில் அனுப்பக் கூடாது. நீண்ட நாள் கழித்துத் திரும்புபவர் மருத்துவச் சோதனையும் பாதுகாப்பு அறிமுக வகுப்பும் முடிக்காமல் ஆலைக்குள் நுழைய முடியாது. சான்றிதழ் வரும்வரை அந்த வரிசைகூடத் தொடங்காது, சம்பளமும் இல்லை.

உடல் தகுதிச் சோதனையில் இதுவரை யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: காது. ஆலையின் சத்தம் பல இடங்களில் 85 டெசிபல் வரம்பைத் தாண்டும். துப்பாக்கிப் பயிற்சியின் சத்தம் அதைவிடக் கடுமையானது. அடிப்படைக் கேட்புச் சோதனைக்கு முன் 16 மணி நேரம் சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வண்டி ஏறி வருபவருக்கு அந்த 16 மணி நேரம் கிடைப்பதில்லை. தற்காலிக மந்தம் நிரந்தரக் குறைபோலப் பதிவாகிறது, அவர் எல்லைப் பணிக்குத் தகுதியில்லாதவர் ஆகிறார். உண்மையிலேயே காது கெட்டவருக்கோ வேறு துன்பம்: ஆலை படையைக் காட்டும், படை ஆலையைக் காட்டும், இழப்பீடு நடுவில் நிற்கும். ஆலையின் கேட்புச் சோதனை நகலைப் படைக் கோப்பிலும், படையின் நகலைப் படையினரின் கையிலும் கொடுக்கும்படி கேட்கிறோம். பணி தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று என இரண்டு நகல் இருந்தால் எந்த இடத்தில் கெட்டது என்பது தெரிந்துவிடும். சோதனை நாளுக்கு முந்தைய நாளையும் பணி நாளாகவே கணக்கிட வேண்டும்.

தூரமும் இதே போன்றதுதான். ஆலை ஊரான பொங்கோலாவிலிருந்து டர்பனுக்கு என்2 தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். முபுமலங்காவின் மலேலேன், கோமாட்டிபோர்ட் இன்னும் தொலைவு. வெள்ளி மாலை ஷிஃப்ட் முடித்துச் சனி காலை அணிவகுப்பில் நிற்க வேண்டுமானால், நிலக்கரி லாரிகள் வரிசையாகப் போகும் அந்தச் சாலையில் தூக்கமின்றி இரவில் ஓட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் பொங்கோலா அருகே லாரி மோதிப் பள்ளிப் பிள்ளைகள் பலரை இழந்தது அந்தச் சாலையில்தான். மாதந்தோறும் ஒரு வாரக்கடைசி என்பதற்குப் பதிலாக, அந்தப் பயிற்சியை அவரவர் ஓய்வு மாதங்களில் ஒன்றாகச் சேர்த்து 10 நாள் தொடர் பயிற்சியாக வைத்தால், பயணம் ஒரே முறையோடு முடியும்.

வருமான வரி பற்றி ஒரு வரி: ஆலையிலிருந்து ஒன்று, படையிலிருந்து ஒன்று என எங்களுக்கு இரண்டு ஐஆர்பி5 (வருமான வரிச் சான்று) வருகிறது. படையின் சான்று தாமதமானால் சார்ஸ் என்னும் வரித் துறையிடம் கணக்கை முடிக்க முடியாமல் போகிறது. அது உரிய காலத்தில் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்.

தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. படையின் கடிதம் இணைக்கப்பட்டிருந்தால், ரிசர்வ் பணியால் வராத நாட்களை யுஐ-19 படிவத்தில் ராஜினாமா என்றோ சொல்லாமல் நின்றது என்றோ குறிக்கக் கூடாது என்று முதலாளிகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும். ஆஃப்-க்ராப் மாதங்களில் யுஐஎஃப் பெறும் ஒருவர் படைப் பயிற்சிக்குப் போனால், அந்த நாட்களின் சம்பளத்தை எந்தப் படிவத்தில், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக வெளியிட வேண்டும். நேர்மையாகச் சொல்ல விரும்புபவருக்கு இப்போது ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு பதில் கிடைக்கிறது.

1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இந்த மண்ணில் கரும்பு வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். கரும்பை விட்டுவிட்டுப் படைக்கு வா என்றோ, படையை விட்டுவிட்டுக் கரும்புக்குப் போ என்றோ எங்களைத் தள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்கிறோம்.

வரும் அக்டோபருக்குள் ஒரே ஒரு பிரிவிலாவது தொழில் பெயரும் ஓய்வு மாதங்களும் கொண்ட பதிவைத் தொடங்கி, ஜனவரியில் 10 நாள் தொடர் பயிற்சியை நடத்திப் பார்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். கடிதத்தின் மாதிரிப் படிவத்தை ஆங்கிலத்திலும் இசிசூலு (சூலு) மொழியிலும் தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறோம். தங்கள் அலுவலகம் அழைத்தால், அரவைக்காரர் இருவரும் ஆஃப்-க்ராப்காரர் இருவரும் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறார்கள். வருகிற நாள் ஞாயிறு ஷிஃப்ட் மாற்றத்துக்கு அடுத்த நாளாக இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள ரிசர்வ் படையினரும் குடும்பத்தாரும்
இடம்: டர்பன்