புடாக் குன்றுக்கு அரை நாள் வேண்டும்: சுற்றுலா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் உங்களில் பலர், அங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில், புடாப் பகுதியிலுள்ள கோட்டைக் குன்றைப் பயணத் திட்டத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். அந்தக் குன்றுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

அண்மையில் நாங்கள் சென்றபோது, சங்கிலிப் பாலத்தருகே அடிவாரத்தில் இறக்கிவிட்டு, நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். 1870இல் தொடங்கப்பட்ட, பழனியில் இருப்பது போன்ற இழுவை ரயிலுக்கு நீண்ட வரிசை நின்றது. மூட்டுவலியுள்ள என் தாயார் மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அடிவாரச் சதுக்கத்திலேயே நின்று குன்றின் மேலே செல்லும் 16ஆம் எண் நகரப் பேருந்தைப் பற்றி உடன் வந்த மேலாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் தாயாரும் மேலிருந்து டான்யூப் நதியைப் பார்த்திருப்பார். முழுக் கட்டணம் செலுத்திய ஒரு முதியவருக்கு இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

படியேறிய நாங்களோ மீனவர் கொத்தளத்தை எட்டியதும் திரும்ப வேண்டியதாயிற்று. ஏழு கோபுரங்கள் கொண்ட அது 1895க்கும் 1902க்கும் இடையே எழுந்த அலங்காரக் கட்டடம் என்பதைக்கூட எவரும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் பலர் அதையே பழைய கோட்டை என்று எண்ணித் திரும்பினார்கள். 1241இல் மங்கோலியர் படையெடுத்து நாட்டைச் சூறையாடிய பின் நான்காம் பேலா மன்னர் அரண் அமைத்த குன்று அது. 1541 முதல் 1686 வரை துருக்கியர் ஆட்சியில் இருந்தபோது அங்குள்ள மத்தியாஸ் தேவாலயம் பள்ளிவாசலாக இருந்தது. 1686 முற்றுகையில் போரிட்டு மடிந்த கடைசித் துருக்கிய ஆளுநர் அப்துர்ரகுமான் பாஷாவுக்கு, அதே போரில் உயிரிழந்த அங்கேரிய வீரர் ஒருவரின் வழித்தோன்றல்கள் 1932இல் நினைவுக்கல் நாட்டி, அவரை வீரமிக்க எதிரி என்று பொறித்திருக்கிறார்கள். பகைவனுக்கும் மரியாதை செய்த அந்தக் கல்லின் முன் சற்று நேரம் நிற்க நாங்கள் விரும்பியிருக்க மாட்டோமா? அன்று பிற்பகல் கடைத்தெருவுக்கு மட்டும் மூன்று மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. அங்கே விற்ற கைக்கடிகாரமும் சாக்லேட்டும் சென்னையிலேயே கிடைக்கும். இந்தக் குன்று கிடைக்காது.

பெரிய பேருந்துகள் மேலே செல்வதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும், ஓட்டுநரின் பணிநேரத்துக்கு வரம்பு உண்டு என்பதையும் அறிவோம். உங்கள் சிரமங்களை மறுக்கவில்லை. ஆயினும், புடாக் குன்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நடக்க இயலாதவர்கள் மேலே செல்லும் வழியை முன்பதிவின்போதே தெரிவியுங்கள். வரலாறு அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அனுப்புங்கள். அதற்காகக் கட்டணம் சற்றுக் கூடினாலும் தர ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த பருவத்துக்கான திட்டத்தை அச்சிடும் முன்னர் இதைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளுள் ஒருவர்