சென்னை அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு கீரைக்காரனின் மடல்

தலைவர், செயலாளர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

பூந்தமல்லிக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் கீரையும் முள்ளங்கியும் போடுகிறேன். இரண்டரை ஏக்கருக்குக் கீழே என்பதால் அரசாங்கக் கணக்கில் நான் குறு விவசாயி. என் கீரையை நேராக உங்கள் வீடுகளுக்கே தர ஒரு ஏற்பாடு கேட்டு எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு நாள் கணக்கு சொல்கிறேன். நடுராத்திரி, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இரண்டு அக்காக்களோடு பாத்தியில் இறங்கினேன். நானூறு கட்டு சிறுகீரை. வாழைநாரில் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போர்த்தி, குட்டி யானை வண்டியில் ஏற்றி மண்டிக்குப் போனால் கட்டு மூன்று ரூபாய் என்றார்கள். மொத்தம் 1,200. அதில் கமிஷன் 120, வண்டி வாடகை 500, அறுப்புக் கூலி 600. என் கையிலிருந்து இருபது ரூபாய் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். விதை, எரு, என் உழைப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பிழைத்தேன்.

அன்று காலை ஏழு மணிக்கு உங்கள் தெருவில் அதே கீரை இருபது ரூபாய். தள்ளுவண்டிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து மணிக்கு வதங்கினால் அது அவர் தலையில்தான் விழும். அறுத்த கீரையை வைத்திருந்து விற்க எங்கள் இருவராலும் முடியாது. அது தெரிந்துதான் மண்டியில் விலை வைக்கிறார்கள்.

உழவர் சந்தை இருக்கிறதே என்பீர்கள். 1999-இல் மதுரையில் தொடங்கியது, நல்ல திட்டம்தான், கமிஷன் கிடையாது. ஆனால் காலை முழுக்கத் தராசோடு உட்கார்ந்தால் களை யார் எடுப்பது?

2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது நகரத்துக்கு ஓடிய லாரிகளில் எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் இருந்தது. பக்கத்து நிலக்காரர் அந்தக் கோடையில் தண்ணீர் விற்றுச் சம்பாதித்ததை நான் மூன்று வருடக் கீரையிலும் பார்க்கவில்லை. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அதற்கப்புறம் நிலத் தரகர்கள் என் வரப்பில் செருப்புக் காலோடு நடக்கிறார்கள்.

நான் கேட்பது மானியமோ கூடுதல் விலையோ இல்லை. வருடம் முழுக்க ஒரே விலை, கட்டு பத்து ரூபாய். ஆவின் பால் அட்டைக்குக் கட்டுகிற மாதிரி மாதத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். அறுபது வீடு சேர்ந்தால் போதும், எத்தனை பாத்தி விதைப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும். கார்த்திகை மழையில் வெளியே நாற்பது விற்றாலும் உங்களுக்குப் பத்துதான். ஆனால் மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் வந்து பாத்தி அழுகினால் இரண்டு வாரம் கீரை வராது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், மறு விதைப்புக்கு வேண்டும். இந்த நிபந்தனையில்தான் பலர் பின்வாங்குவார்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதன், சனி காலை ஆறு மணிக்கு வருவேன். கார் நிறுத்துமிடத்தில் குழாய்க்குப் பக்கமாக ஒரு மூலை போதும். 'விற்பனையாளருக்கு அனுமதி இல்லை' என்ற பலகை உங்கள் கேட்டில் தொங்குகிறது. வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முளைக்கீரை வேரும் மண்ணுமாக வரும். அது பிடிக்காத வீட்டுக்காரர்கள் முந்தின நாளே சொன்னால் வேரை நறுக்கிவிட்டுக் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
பூந்தமல்லிப் பக்கத்துக் கீரைக்காரன்